இறால் கொம்பு

ரொறன்ரோவிலிருந்து படம் வந்தது,
விடியப்புறம் மூன்றரைக்கு, வட்ஸ்அப்பில்.
எங்கட கூழ்ப் பை.
வயிற்றில் ஓர் ஊசித்துளை,
துளையோரம் மஞ்சளாய் ஒரு சொட்டு எண்ணெய்.
கீழே எழுத்தொன்றும் இல்லை,
ஒரு கேள்விக்குறி மட்டும்.

பாசையூரில் வள்ளங்கள் இன்னும் கரைக்கு வரவில்லை.
எழும்பி லைற்றைப் போட்டேன்.

ஒரே பைக்குள் மூன்று குணத்தை அடைத்திருக்கிறோம்.
ஒடியல் மா, ஈரக்காற்று என்ற பேச்சுக்கே கட்டிபடும்.
வதக்கிய செத்தல் கூட்டு, வெளிச்சம் பட்டால் வெளிறும்,
இடம் கண்டால் எண்ணெய் கக்கும்.
காய்ந்த இறால்,
செத்த பிறகும் கொம்பைக் கீழே போடாத சாதி.

பர்ஸான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தான்,
மடியில் சாம்பிள் புத்தகம்.
பக்கமெல்லாம் கண்ணாடி, பால்வெள்ளை, வெள்ளி.
கிழித்துப் பாருங்கள் என்றான். கிழித்தேன்.
பொலியெஸ்ரர் ஒரு கீறல் கிடைத்ததும் நேர்கோடாய் ஓடியது.
பொலித்தீன் இழுபட்டது, இழுபட்டது,
விடமாட்டேன் என்றது
(வீட்டில் ஒருவர் இப்படித்தான்; சொல்லாமல் விட்டேன்).
அலுமினியத் தாளில் ஒளியும் புகாது, காற்றும் புகாது.
ஆனால் மடித்து நசித்துவிட்டு
பின்னால் ரோர்ச் பிடித்தால்
இரவு வானத்தில் வெள்ளி பூத்த மாதிரி
பொட்டுப் பொட்டாய்.

"இதுகள் தானாய் ஒட்டாது, நடுவில் பசை வேணும்" என்றான்.
"உறைப்பு எண்ணெய் பட்டால் பிரியுமோ?"
"பசையைப் பொறுத்தது.
நீங்களும் பொருத்தம் பார்த்துத்தானே செய்றனீங்கள்."
பிறகு, குறைந்தது முந்நூறு கிலோ எடுக்க வேண்டும் என்றான்.
என் பிளேன்ரீ ஆறிப்போனது.

ஆறு விதப் பை. ஆறிலும் அதே கூழ்க்கலவை.
மதிலில் வரிசையாய் வைத்துவிட்டுப் பார்த்திருந்தோம்.
பக்கத்து வீட்டுப் பூனை வந்தது.
முதலாவதை நக்கியது.
மூன்றாவதின்மேல் ஏறி முகத்தைத் தேய்த்தது.
வெள்ளிப்பூச்சும் நைலோனும் சேர்ந்ததை மட்டும்
கல்லைக் கடப்பதுபோல் கடந்து போனது.
பர்ஸானிடம் ஆய்வுகூட அறிக்கை பதினொரு பக்கம்.
எனக்குப் பூனை போதும்.

இக்னேசியா மட்டும் வாய் திறக்கவில்லை.
இரண்டு வருசமாய்
இறாலின் கொம்பொடிப்பது அவள் வேலை.
ஆயிரத்தில் ஒன்று தப்பும்;
அந்த ஒன்று ரொறன்ரோ மட்டும் போகும்.
கொப்பியில் ஒரு பக்கம்
பையொன்றுக்கு நைலோன் நாலு ரூபா முப்பது சதம் என்று எழுதி,
மறுபக்கம் அவளின் நாட்சம்பளம் எழுதி,
நடுவில் கோடு கீறிவிட்டு
கூட்டாமல் இருந்தேன்.

எட்டிப் பார்த்துவிட்டாள்.
"நைலோனைப் போடுங்கோ அக்கா."
விரல்களை விரித்தாள்,
நகக்கண்ணெல்லாம் கறுப்புப் புள்ளி.
"என்னைச் சீல் மெசினில விடுங்கோ."

சங்கத்தில் கடன் எடுத்து,
பங்குனி வெய்யிலில் றோல்கள் லொறியால் இறங்கின.
முதல் பைக்குள் சிவப்புச் சாயத் தண்ணி ஊற்றிக் கவிழ்த்தோம்.
வயிற்றில் துளை இல்லை.
மூலையில் இல்லை.
நான் சிரிக்கத் தொடங்கையில்
வாயோரம், சீல் போட்ட இடத்தில்
ஒரு மயிர்ச்சிவப்பு
மெல்ல நடந்து வெளியே வந்தது.

சூட்டைக் கூட்டினேன். குறைத்தேன்.
பர்ஸானுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
இக்னேசியா பையின் வாயை விரித்து
உள்ளே விரலோட்டி
விரலை எனக்குக் காட்டினாள்:
ஒடியல் மாத் தூசி.
"சாப்பிட்ட பிள்ளை மாதிரி" என்றாள்,
"வாயைத் துடைச்சுப்போட்டு மூட வேணும்."
ஒரு பருத்தித் துண்டு. காசில்லை.

ரொறன்ரோவுக்குப் புதுப்பை போய்விட்டது.
பதில் இன்னும் இல்லை.
கடனில் நாலு தவணை கட்டியாயிற்று.
மிச்சம் இருநூற்றெழுபது கிலோ
கட்டிலுக்குக் கீழே மினுங்குகிறது.
ஒரு மணமும் இல்லாததால்
பூனை அதன்மேல்
நிம்மதியாய் நித்திரை.